நான் நடக்காத ஐந்நூறு மீட்டர்

‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்று எங்கள் துறையில் ஒரு வாசகம் உண்டு. வருடத்துக்கு நூறு தடவையாவது எழுதுவேன். பேனாவை எடுத்தால் கை தானாகவே எழுதிவிடும். அதில் ஒரே ஒரு தடவை எழுதியதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். மற்ற தொண்ணூற்றொன்பதும் யோக்கியமானவை என்று சொல்ல வரவில்லை. அவற்றால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

நான் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். ஆம்பூரைச் சுற்றியுள்ள சில ஏரிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பல வருடங்களாகக் காய்ந்து கிடந்தது. பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். நான் மாற்றலாகி வந்ததும் அதன்மேல் எனக்கு ஒரு வெறி பிடித்தது. கரையைப் பலப்படுத்தினேன். துருப்பிடித்த மதகுக் கதவை மாற்றினேன். மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் வரும் கால்வாயைத் தோண்டினேன். அந்த வருடம் ஆடியிலேயே நல்ல மழை. ஏரி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. கிணறுகளில் ஊற்று வந்துவிட்டது என்று விவசாயிகள் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தரையில் நடக்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஏரியைப் பற்றியே பேசி எல்லோரையும் பேஜார் பண்ணினேன்.

ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை எங்கள் பக்கம் கோடி என்பார்கள். அங்கிருந்து புறப்படும் கால்வாய் வயல்களைத் தாண்டி, தோல் பதனிடும் ஷாப்புகளின் பின்சுவர் ஓரமாகப் போய், சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலத்துக்குள் நுழைந்து, பாலாற்றில் சேரவேண்டும். சிறுபாலத்துக்குச் சற்று முன்னால், பள்ளத்தில், ஒரு தெரு. நாற்பது வீடுகள் இருக்கும். அநேகம் பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் நுழைவது அந்தத் தெருவில்தான். அதனால் மழைக்கு முன்னால் கோடியிலிருந்து ஆறு வரைக்கும் கால்வாயை முழுக்க நடந்து பார்க்கவேண்டும் என்பது விதி.

புரட்டாசியில் ஒரு நாள் நானும் லஸ்கரும் கிளம்பினோம். லஸ்கர் என்றால் ஏரிக்கரையைக் காவல் காத்து, மதகைத் திறந்து மூடுகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பைக்கைத் தள்ளிக்கொண்டே வயல்வெளி வரைக்கும் ஜோராக நடந்தோம். தோல் ஷாப்புகளின் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் கால்வாயின் குறுக்கே யாரோ ஒரு இரும்பு கேட் போட்டிருந்தார்கள். பூட்டில்லை, தாழ்ப்பாள்தான். அதைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்த நாற்றம் வந்தது.

வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். எனக்கு அது வேறு மாதிரி. என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு, புரட்டி, தூக்குகிற வேலை பார்த்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவரோடு அந்த வாசனை வீட்டுக்குள் வரும். எங்கள் துணியில் ஏறும், என் பள்ளிக்கூடப் பையில் ஏறும். ஆறாவது படிக்கும்போது பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் எழுந்து பின் பெஞ்சுக்குப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். காலேஜில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘கம்பெனியில்’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். நான் படித்ததே அந்த வாசனையிலிருந்து தப்பிக்கத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். பெரிய அதிகாரிகள் வருவார்கள். என் ஏரியைப் பற்றி நான் பேசவேண்டும். இந்தச் சேற்றில் இறங்கி நடந்தால் அந்த வாசனையோடு ஏசி அறையில் உட்கார வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல நகர்வார். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

“அண்ணா, வாங்க, ரோட்டு வழியா போய் சிறுபாலத்தப் பாத்துட்லாம்” என்றேன்.

“இதுக்குள்ள ஒரு நட போய்ட்டு வந்துட்லாம் சார். ஐந்நூறு மீட்டர்தான் இருக்கும்.”

“நேரமில்லண்ணா.”

“நா வேணா போய்ப் பாத்துட்டு வரேன் சார். நீங்க பைக்க எடுத்துகினு அந்தாண்ட வந்துடுங்க.”

நல்ல யோசனைதான். ஒத்துக்கொண்டிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது. ஆனால் அவர் மட்டும் போனால் நான் நாற்றத்துக்காகத்தான் ஒதுங்கினேன் என்பது அவருக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். இரண்டு பேரும் போகவில்லை என்றால் அது வெறும் நேரமின்மை. இந்தக் கணக்கு எப்படி அத்தனை சீக்கிரம் போட வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. “வேணாம், ஏறுங்க” என்று சொல்லி பைக்கை உதைத்தேன்.

சாலைமேல் நின்று சிறுபாலத்தின் வாயை எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். மறுநாள் காலை, கோடிக் கால்வாய் முழுமையும் நேரில் பார்வையிடப்பட்டது, தடையேதும் இல்லை, ஆகவே ஏரியில் முழுக் கொள்ளளவுக்கு நீரைத் தேக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பள்ளத்துத் தெருவில் குடியிருக்கிற ஒரு பெண் போன் செய்தார். ஏரிக்கரைப் பலகையில் என் எண் எழுதியிருக்கும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் வேலை என்றார், பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அந்தத் தெருவுக்கு ஒரு பொதுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் சாவி இவரிடம்தான் இருந்தது. அங்கே போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ தொட்டிக்கு வரும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்து விடுகிறவரிடம்தான் சாவி இருக்கும். சண்டையில்லாமல் அதைச் செய்ய நம்பிக்கையான ஆள் வேண்டும். ஏழு வருடமாக அது இவர்.

“சார், தோல் ஷாப்பு பின்னாடி வாரத்துல ரெண்டு மூணு வாட்டி டிராக்டர் லோடோட போவுது, காலியா திரும்பி வருது. கால்வாயில கொட்றாங்களோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். கேட்டு போட்டு வெச்சிருக்காங்க, எங்கள உள்ள விட மாட்றாங்க. நீங்க ஒரு தபா பாக்கறீங்களா சார்?”

அப்போதாவது போயிருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்து, அங்கே ஏதாவது இருந்துவிட்டால், நான் கையெழுத்துப் போட்டது என்ன ஆவது?

“நானே முழுசா நடந்து பாத்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல. தைரியமா இருங்க.”

“நீங்களே பாத்தீங்களா சார்?”

“நானேதாம்மா.”

“அப்ப சரி சார்” என்றார். குரலில் அத்தனை நிம்மதி. நானும் நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

அவர் ஏன் அதை அப்படி அழுத்திக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏரி கோடி போகப்போகிறது என்று தெரிந்தால் நாற்பது வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போகாமல் நின்று, குடிதண்ணீர் வைத்திருக்கிற டிரம்மையும் குடங்களையும் கைமாற்றிக் கைமாற்றி மேட்டிலிருக்கும் பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஏற்றிவிடுவார்கள். டிவி, பீரோவெல்லாம் அப்புறம். வெள்ளம் வந்தால் தோல் கழிவோடுதான் வரும், நல்ல தண்ணீரில் அது கலந்துவிட்டால் அடுத்த முறை வருகிறவரைக்கும் குடிக்க எதுவும் கிடையாது. ஐப்பசியில் ஏரி விளிம்பு வரைக்கும் வந்தபோது தெருவில் பேச்சு எழுந்தது. இவர்தான் சொல்லியிருக்கிறார், இந்த வருஷம் வேண்டாம், கால்வாயை இன்ஜினியரே நடந்து பார்த்துவிட்டார், எதற்கு எல்லோரும் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று. சாவி வைத்திருக்கிறவர் சொன்னதால் கேட்டார்கள்.

கோடி போன காலையில் நான் அங்கேதான் இருந்தேன். இருபக்கத்து ஊர்களும் திரண்டிருந்தன. மேளம் அடித்தார்கள். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் போட்டு, பூவைத் தண்ணீரில் விட்டார்கள். கிடா வெட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி போட்டோவுக்குச் சிரித்தேன். வாழ்க்கையில் ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, மேளச் சத்தத்தில் எடுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். சிறுபாலத்தின் வாயை ஊறிய அவல் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. நீலம் பாய்ந்த தோல் சீவல். கால்வாய்க்குள் குவித்து வைத்திருந்ததை வெள்ளம் அப்படியே அள்ளிக்கொண்டு வந்து அங்கே திணித்திருந்தது. தெருவில் யாரும் சாகவில்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிரம்களைத் தூக்க நேரமில்லை. அவை கழிவுத் தண்ணீரில் மூடி கழன்று மிதந்துகொண்டிருந்தன. பொதுத் தொட்டியிலும் அந்தத் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று அழுதது. டேங்கர் சாயங்காலம்தான் வந்தது.

அந்த வராந்தாவில்தான் அந்தப் பெண்ணை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். தலையெல்லாம் நனைந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிற அம்மா அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கிரைண்டரும் மாவும் அரிசியும் போய்விட்ட ஆத்திரம் அந்த அம்மாவுக்கு.

“நீதான சொன்ன, இன்ஜினியரு பாத்துட்டாரு, ஒண்ணியும் ஆவாதுன்னு? உன் பேச்சக் கேட்டு இன்னிக்கி கொழந்தைங்களுக்கு ஒரு வாய் தண்ணி இல்ல. இன்னாத்த பாத்தாரு உங்க இன்ஜினியரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சால்வை பைக்கில் கிடந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

பேசியது அந்தப் பெண்தான். “சார் நடந்து பாத்துட்டுத்தான் சொன்னாரு. அவரு பாத்தப்ப ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் எவனோ கொட்டிட்டுப் போய்ட்டான். அதுக்கு சார் இன்னா பண்ணுவாரு? நாளும் பொழுதும் இங்கயேவா நிப்பாரு?”

நான் தலையாட்டினேன். பெரிதாக இல்லை, லேசாகத்தான். ஆனால் ஆட்டினேன்.

மேலிடம் விளக்கம் கேட்டது. ‘ஆய்வு முடிந்த பின்னர் அடையாளம் தெரியாத நபர்களால் தோல் கழிவுகள் கொட்டப்பட்டதே அடைப்புக்குக் காரணம்’ என்று எழுதினேன். அவர் சொன்னதை ஆபீஸ் தமிழில் மாற்றியதுதான். என் சொந்தச் சரக்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. விளக்கம் ஏற்கப்பட்டது.

பொக்லைனை வைத்துக் கால்வாயைச் சுத்தம் செய்தபோது அந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் முதல் தடவையாக இறங்கினேன். வெள்ளம் அள்ளியது போக ஓரத்தில் இன்னும் ஒரு மேடு மிச்சம் இருந்தது. அதன்மேல் ஆமணக்குச் செடி முளைத்து என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு மாதத்தில் வளர்கிற செடியல்ல. லஸ்கர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொக்லைன் டிரைவரிடம் ஏதோ சொல்ல வேண்டியிருப்பவர் போல அந்தப் பக்கம் போனார். அதைப் பற்றி அவர் இன்று வரை பேசியதில்லை. பேசாமலிருப்பது அவர் எனக்குக் காட்டுகிற மரியாதை என்றால், அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று அங்கே டீக்கடையில் கேள்விப்பட்டேன். சாவியை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கி இட்லிக் கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அவரைக் கண்டால் ‘இன்ஜினியரம்மா’ என்று கிண்டல் செய்கிறார்களாம். தண்ணீர் வரும் நாளில் அவர் குடத்தோடு வரிசையில் நிற்கிறார், ஏழு வருடம் அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர். இன்னமும் யாராவது பேச்செடுத்தால், சார் பார்த்தபோது ஒன்றுமில்லை என்று என் சார்பில் சண்டை போடுகிறாராம். டீக்கடைக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் மழைக்கு முன்னால் முழுவதும் நடந்தேன். சேறு முழங்கால் வரை ஏறியது. நடந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் செய்தார்.

“சார், இந்த வருஷமும் நீங்களே பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். நா இப்ப யாருக்கும் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்க முடியவில்லை. “போன வருஷம் நான் முழுசா பாக்கலம்மா” என்று சொல்லிவிட்டேன். “கேட் வரைக்கும்தான் வந்தேன். அந்தக் கழிவு முன்னாடியே அங்க இருந்திருக்கு.”

“ஏன் சார் பாக்கல?” என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“மீட்டிங் இருந்துச்சும்மா.”

அதுவும் பாதிப் பொய். நாற்றத்துக்குப் பயந்து போகவில்லை என்று, அந்த நாற்றத்தில் குடியிருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

“இத எங்க தெருவுல வந்து சொல்றீங்களா சார்?” என்றார். “நா சொன்னா நம்ப மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சர்ச் விட்டப்புறம் எல்லாரும் இருப்பாங்க. வேற ஒண்ணும் வேணாம், நீங்க சொன்னதத்தான் நா சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

வருகிறேன் என்றேன். போகவும் போனேன். வேலையே போனாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், இதை யாரும் நம்பவேண்டியதில்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். யாரோ ஓடிப்போய் ரோஸ்மில்க் வாங்கிவந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று மனுக்களை எடுத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். சாக்கடை, தெருவிளக்கு, பட்டா. இதெல்லாம் என் துறையே இல்லை என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக வாங்கினேன். வாங்க வாங்க, நான் சொல்ல வந்தது உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நின்றார். வெள்ளைப் புடவை, சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போனது. பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை நிற்க வைத்திருந்தார். அவர்களும் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார்.

கடைசியாக இட்லிக் கடை அம்மா வந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. மனு கொடுத்துவிட்டு அவர் அந்த வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“போன வருஷம் இந்தப் பொண்ணு பேச்ச நம்பித்தான் சார் நாங்க எல்லாம் அவ்ளோ கஷ்டப்பட்டோம். ஆராஞ்சி பேசத் தெரில.”

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

“விடுங்கம்மா” என்றேன். “பாவம், அவங்களும் தெரியாமத்தான சொன்னாங்க.”

என் காதிலேயே அது விழுந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். “சாரே சொல்லிட்டாரு, விடு” என்று இட்லிக் கடை அம்மா பெருந்தன்மையாகச் சொன்னார். தெருவே அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டது.

நான் எழுந்தேன். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் வாசலிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினார்.

“குடுங்க சார்” என்றார். “எங்க வீட்டு டம்ளர்தான்.”

வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குள் போனார்.